அஸ்தத்துக்கும் சித்திரைக்கும் நடுவில்

ஐயாவு வீட்டு நாள்காட்டிக்கு அடிப்பாகம் கிடையாது.

உரக்கடையில் வருஷா வருஷம் கொடுக்கிற அதே தினசரிக் காலண்டர்தான். பேராவூரணிப் பக்கம் பாதி வீடுகளில் தொங்குவதுதான். மேலே தேதி கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே இரண்டு விரல் அகலத்துக்கு நட்சத்திரம், திதி, ராகு காலம், நல்ல நேரம், சந்திராஷ்டமம் என்று பொடி எழுத்தில் நிறைந்திருக்கும். அந்தக் கீழ்ப்பாகத்தைத்தான் ஐயாவு ஜனவரி முதல் தேதி காலையில் ஆக்ஸா பிளேடை வைத்து அறுத்துவிடுவார். முந்நூற்று அறுபத்தைந்து நாளின் நல்லதும் கெட்டதும் ஒரே அறுப்பில் போய்விடும். பின்னால் இருக்கிற அட்டையை அறுக்க மாட்டார், பிளேடு மழுங்கிவிடும் என்று. அதனால் வருஷம் முழுக்க அட்டையின் கீழ்ப்பக்கம் மட்டும் வெறுமையாகத் தெரிந்துகொண்டிருக்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் மகள் பிறந்த அன்றைக்கு, சொந்தக்காரி ஒருத்தி காலண்டரை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த நட்சத்திரத்துல பொட்டப்புள்ளையா? அப்பனுக்கு ஆகாதே" என்று உதட்டைப் பிதுக்கினாள். ஐயாவு எழுந்து வெளியே போனார். சைக்கிள் பெட்டியிலிருந்து பிளேடை எடுத்துக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு எழில்மொழி என்று பேர் வைத்தார். அவள் எந்த நட்சத்திரத்தில் பிறந்தாள் என்பது இன்றைக்கு வரைக்கும் அவளுக்கே தெரியாது.

அப்பேர்ப்பட்ட வீட்டுப் பெண் வானத்தைப் பார்க்கிற வேலைக்குப் போனாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? "அப்பன் அறுத்துப் போட்டதையெல்லாம் மக பொறுக்கிக்கிட்டு இருக்கா" என்று டீக்கடையில் சிரித்தார்கள். ஐயாவும் சேர்ந்துதான் சிரித்தார்.

எழில்மொழி பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி. சரியாகச் சொன்னால் அவள் பார்ப்பது நட்சத்திரம் இல்லை, வெகு தூரத்தில் இருக்கிற ஒரு கருந்துளை. கருந்துளை என்றால் கிட்டே போனதையெல்லாம் விழுங்கிவிடும் என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள். விழுங்கத்தான் செய்யும். ஆனால் வாய்க்கு வந்ததில் கொஞ்சத்தை விழுங்காமல் இரண்டு பக்கமும் தாரையாகப் பீய்ச்சி அடித்துவிடும். வாய்க்கால் மதகில் ஷட்டரை ஒரு சாண் மட்டும் தூக்கினால் அடியில் தண்ணீர் எப்படிச் சீறிக்கொண்டு கிளம்பும், அப்படி. இவளுடைய கருந்துளையின் தாரை ஒன்று நேரே நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. சாதாரண நாளில் மங்கலாக இருக்கும். எப்போதாவது ஒரு நாள் திடீரென்று மூன்று மடங்கு, பத்து மடங்கு சீறும். பிறகு அடங்கிவிடும். தாரையின் எந்த இடத்தில் அந்தச் சீற்றம் கிளம்புகிறது என்பதுதான் அவள் மூன்று வருஷமாக விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி.

நாம் பயப்பட ஒன்றும் இல்லை. அந்த ஒளி அங்கிருந்து கிளம்பியபோது இந்தப் பூமியே உண்டாகியிருக்கவில்லை. வந்து சேர்வதற்குள் மெலிந்து மெலிந்து, ஒரு நாளைக்குப் பத்து இருபது துளிதான் கிடைக்கும். காமா கதிர் என்று அதற்குப் பேர். காற்றைத் தாண்டித் தரைக்கு வராது என்பதால் தொலைநோக்கியை மேலே விட்டிருக்கிறார்கள். அது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று பூமியைச் சுற்றிக்கொண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மொத்த வானத்தையும் பார்த்துவிடும். எந்தத் திசையிலிருந்து எத்தனை துளி என்ற கணக்கு கம்ப்யூட்டருக்கு வந்துகொண்டே இருக்கும். எழிலின் குழுவில் ஆறு பேர். ஆளுக்கு ஒரு வாரம் முறை. முறைக்காரர் எந்த ஊரில் இருந்தாலும் சரி, கணக்கின் மேல் கண் இருக்க வேண்டும்.

இன்னொரு தொலைநோக்கியும் மேலே இருக்கிறது. அது எக்ஸ் கதிரில் பார்ப்பது. அது சொன்ன இடத்தை மட்டும்தான் பார்க்கும், அதற்கும் உலகம் முழுக்க வரிசை. எழிலின் குழு வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான் "உடனே திரும்பிப் பார்" என்று கேட்கலாம். சீற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே அது திரும்பிப் பார்த்தால்தான் இவளுடைய கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

போன நவம்பரில் ஒரு சீற்றம் வந்தது. அன்றைக்கும் இவள் முறைதான். இன்னும் ஒரு கணக்கு வரட்டும், உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று ஆறு மணி நேரம் பொறுத்தாள். பொறுத்துக் கேட்டு, அந்தத் தொலைநோக்கி திரும்பிப் பார்த்தபோது தாரை அடங்கிவிட்டிருந்தது. அந்த வருஷத்து உரிமை அதோடு போயிற்று. இந்த வருஷத்து உரிமை ஒன்று கையில் இருக்கிறது. டிசம்பரோடு அவளுடைய உதவித்தொகை முடிகிறது. இதுவும் வீணானால் ஆராய்ச்சியின் கடைசி அத்தியாயம் கிடையாது. முன்னால் எழுதிய நாலு அத்தியாயமும் கேள்வியோடு நின்றுபோகும்.

பக்கத்து வீட்டு நீலாம்பாளுக்கு மட்டும்தான் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பொறுமை இருந்தது. நீலாம்பாள் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைப்பவர். ஊரில் யாருக்கு என்ன அளவு என்பதும் யாருக்கு என்ன நட்சத்திரம் என்பதும் அவருக்கு மனப்பாடம். இரண்டு பொங்கலுக்கு முன்னால் எழில் வந்திருந்தபோது கேட்டார்:

"ஏன் எழிலு, உன்னுது எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்துல இருக்கு?"

"அஸ்தத்துக்கும் சித்திரைக்கும் நடுவுல, அத்தை. சித்திரைக்குக் கொஞ்சம் மேக்கால."

"ரெண்டும் நல்ல நட்சத்திரம்தான். பெறவு ஏன் பொங்க மாட்டேங்குது?"



இப்போது நடந்ததற்கு வருகிறேன். ஆனி மாதம், வெள்ளிக்கிழமை. ஐயாவுக்குத் தஞ்சாவூரில் கண்புரை எடுத்து ஐந்தாம் நாள். சொட்டு மருந்து விடுவதற்காக எழில் வந்திருந்தாள். அம்மா அம்சம் காலையிலேயே வயலுக்குப் போய்விட்டாள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது, நாற்றங்காலை விட்டு அவளால் நகர முடியாது. வீட்டில் அப்பாவும் மகளும்தான். அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில், அவள் லேப்டாப்போடு தரையில்.

பன்னிரண்டரைக்கு லேப்டாப் கீச்சென்று கத்தியது.

"என்னம்மா கத்துது?"

"கணக்கு ஏறுதுப்பா."

"எவ்வளவு?"

"வழக்கமா இருக்கறதுல ரெண்டு மடங்கு. விடியக்காலைக் கணக்கு இது. இப்பத்தான் வந்து சேருது."

ஐயாவு எழுந்து உட்கார்ந்தார். பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வாய்க்கால் தலைப்பில் அளவுக்கல்லைப் பார்த்து ஷட்டரை ஏற்றி இறக்குகிற வேலையில் முப்பத்தொரு வருஷம். ஏறுகிறது என்ற சொல் காதில் விழுந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

"அப்ப சொல்லிட வேண்டியதுதானே?"

"ரெண்டு மடங்குக்கெல்லாம் சொல்ல முடியாதுப்பா. மூணு வேணும். அடுத்த கணக்கு மூணு மணிக்கு மேல வரும்."

"போன தடவையும் இப்டித்தான் அடுத்த கணக்கு, அடுத்த கணக்குன்னு இருந்த."

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குக் குத்தியது. மத்தியானம் சோறு இறங்கவில்லை.

மூன்று இருபதுக்கு அடுத்த கணக்கு வந்தது. மூன்றே கால் மடங்கு.

குழுத் தலைவி கமருன்னிஸாவைக் கூப்பிட்டாள். நாகூர்க்காரர். அன்றைக்கு அம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். பின்னால் கண்டக்டர் விசிலும் சில்லறைச் சத்தமும் கேட்டன.

"மேடம், மூணே கால். ஏறிக்கிட்டே இருக்கு."

"மாஷா அல்லா! சரிபாக்கற பட்டியல ஓட்டினியா?"

"ஓட்டிட்டேன் மேடம். சூரியன் தூரத்துல இருக்கு. பக்கத்துல வேற எந்த கேலக்ஸியும் எரியல. கருவியில கோளாறு எதுவும் அறிவிக்கல. எல்லாம் பச்சை."

"அப்ப நீ என்ன நினைக்கிற?"

"நீங்க சொல்லுங்க மேடம்."

"நான் சொல்ல மாட்டேன். நான் பஸ்ஸுல தொங்கிக்கிட்டு இருக்கேன், கணக்கு உன் கையில இருக்கு. முறைக்காரங்கதான் முடிவெடுக்கணும், அதான் நம்ம ஏற்பாடு. அஞ்சு மணிக்குள்ள அனுப்பினா நாளைக் காலையில திரும்பிப் பாப்பாங்க. அஞ்சு தாண்டினா திங்கக்கிழமைதான். ...அட, அந்தக் கூடைய எடுங்கம்மா, காலு வைக்க இடமில்ல... எழில், உன் இஷ்டம்."

தொடர்பு அறுந்துவிட்டது.

எழில் விண்ணப்பத்தைத் திறந்தாள். எந்த இடம், எவ்வளவு நேரம், ஏன் அவசரம் என்று பதினோரு கட்டம். ஒவ்வொன்றாக நிரப்பினாள். நாலு மணிக்கு அலாரம் அடித்தது, அது அப்பாவின் சொட்டு மருந்துக்கு. எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு, அவர் இமையை விரலால் தாழ்த்தி ஒரு சொட்டு விட்டாள். இரண்டாவது சொட்டு கன்னத்தில் விழுந்தது.

"கண்ணு இங்க இருக்கும்மா" என்றார் ஐயாவு. "பயமா இருக்கா?"

"ஒரே ஒரு தடவைதானேப்பா."

"எங்க செக்‌ஷன்ல ஒருத்தன் இருந்தான். அளவுக்கல்லு முங்குது, மேலருந்து ஆர்டர் வரட்டும்னு உக்காந்திருந்தான். கரை போச்சு, நாப்பது ஏக்கர் போச்சு. ஏத்தம் தெரிஞ்சா தொறக்கணும். யோசிக்கறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு."

அவர் சொன்னது அவளுக்குச் சரியாகப் பட்டது. நவம்பரிலிருந்து அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பதும் அதுதான். லேப்டாப்பின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. அடியில் பச்சைப் பொத்தான், "அனுப்பு" என்று.

அப்போதுதான் கொல்லைப்பக்கக் கதவு திறந்து நீலாம்பாள் வந்தார். கையில் எவர்சில்வர் தூக்கு, நெற்றியில் விபூதி.

"அண்ணே, கண்ணு எப்டி இருக்கு?"

"நல்லா தெரியுது. நீதான் ரெண்டா தெரியற."

"அப்ப பொங்கலும் ரெண்டா தெரியும், நிறைய இருக்குன்னு நினைச்சுத் தின்னுடாதீங்க. சக்கரை இருக்கு உங்களுக்கு." தூக்கை எழில் பக்கம் நகர்த்தி வைத்தார். "எழிலு, கொட்டிக்கிட்டுத் தூக்கைக் குடு."

"என்ன விசேஷம் அத்தை?" எழில் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"துபாய்ல இருக்கானே எம் மவன், அவனுக்கு நட்சத்திரப் பொறந்தநாள். முந்தாநாளு சிதம்பரத்துல ஆனித் திருமஞ்சனம் பாத்தேன், அது உத்திரம். வேன்ல போயிட்டு நேத்துத்தான் வந்து இறங்கினேன். நேத்து மத்தியானத்துக்கு மேல புடிச்சது அஸ்தம், அவனோட நட்சத்திரம். இன்னைக்கு நாலரை வரைக்கும்தான் இருக்கு. அதான் அரக்கப்பரக்க அர்ச்சனையைப் பண்ணிட்டு ஓடியாறேன்."

"நாலரைக்கு என்ன, கடைசி பஸ்ஸு போயிடுமா?" என்றார் ஐயாவு. "உத்திரம் போச்சு, அஸ்தம் வந்துச்சு, சித்திரை வரப்போவுதுன்னு. நட்சத்திரம் அது அது இருக்கற எடத்துல இருக்கு தங்கச்சி. அது எங்கயும் போவல."

"நட்சத்திரம் போவுதுன்னு யாரு சொன்னா? சந்திரன் போறாரு. இப்ப அஸ்தத்துல நிக்கிறாரு, நாலரைக்குச் சித்திரைக்குப் போயிருவாரு. இதுகூடத் தெரியாமயா இத்தனை வருசமா அறுத்துக்கிட்டு இருக்கீங்க?"

எழிலின் விரல் பொத்தானின் மேல் நின்றுவிட்டது.

அஸ்தத்தில் நிற்கிறார். நாலரைக்குச் சித்திரை.

தூக்கை அப்படியே விட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. கிழக்கே, தென்னை மட்டைகளுக்கு மேலே, வெளுத்த நீல வானத்தில் நிலா இருந்தது. பாதிக்குக் கொஞ்சம் மேல். பகல் நிலாவை யார் பார்க்கிறார்கள்? ஒன்றரை மணியிலிருந்து அது அங்கேதான் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

திரும்ப வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டாள். நிலாவுக்கும் அவளுடைய கருந்துளைக்கும் அந்த நேரத்தில் இடைவெளி இரண்டு பாகை. இரண்டு பாகை என்பது கையை நீட்டி, கட்டை விரலால் வானத்தை மறைத்துப் பிடித்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். நிலா நம் கண்ணுக்கு வெறும் கல். ஆனால் விண்வெளியில் ஓயாமல் பறக்கிற துகள்கள் அந்தக் கல்லில் மோதிக்கொண்டே இருக்கின்றன. மோதுகிற இடத்திலெல்லாம் காமா கதிர் தெறிக்கிறது. மேலே இருக்கிற தொலைநோக்கிக்கு நிலா ஒரு நல்ல விளக்கு. அந்தத் தொலைநோக்கியின் பார்வையோ அப்படியொன்றும் கூர்மை இல்லை. ஐந்து பாகைக்குள் இரண்டு பொருள் வந்தால் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடும், கண்புரைக் கண் மாதிரி. விடியற்காலையில் நிலா கிட்டே வந்தது, கணக்கு ஏறிற்று. வெயில் ஏறுவதற்குள் இன்னும் நெருங்கிற்று, கணக்கும் இன்னும் ஏறிற்று. அப்படியானால் சீறியது கருந்துளையா, பக்கத்தில் போன நிலாவா?

சரிபார்க்கிற பட்டியலைத் திறந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளே எழுதிய கம்ப்யூட்டர் நிரல். சூரியன் பக்கத்தில் வந்தால் எச்சரிக்க வேண்டும் என்று நாற்பது வரி எழுதியிருந்தாள். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: "நிலா - பிறகு சேர்க்கணும்." பிறகு சேர்க்கவே இல்லை. அப்போதெல்லாம் நிலா அந்த இடத்தை விட்டு ஒதுங்கித்தான் போய்க்கொண்டிருந்தது. நிலாவின் பாதை வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் மேலும் கீழும் ஆடும். இந்த வருஷம் உரசிக்கொண்டு போகிறது. குழுவில் ஆறு பேர் இருந்தும் ஒருவருக்கும் தோன்றவில்லை. மற்ற ஐந்து பேர் வீட்டிலும் காலண்டர் முழுசாகத்தான் தொங்கியிருக்கும், பார்த்திருக்க மாட்டார்கள். இவள் வீட்டில் பார்ப்பதற்கே இல்லை. நிலா இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று கேட்பதே மூடத்தனம் என்று பழகிய வீடு அது.

மணி நாலு நாற்பது.

"அனுப்பிட்டியாம்மா?" என்றார் ஐயாவு.

"இல்லப்பா. நிலா பக்கத்துல நிக்குது. அதோட துளியும் சேந்து கணக்குல விழுது போல."

ஐயாவு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கழற்றக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நீலா சொன்னாள்னா நிறுத்தற?"

"நான் என்ன சொன்னேன்?" என்றார் நீலாம்பாள். "பொங்கல்தானே கொண்டாந்தேன்."

"இருபது வருசம் படிச்சிட்டு, அஸ்தம்னு ஒருத்தி சொன்னா கைய எடுத்துடுவியா? இதுக்கா நான் வருசா வருசம்..." சுவரில் தொங்கிய காலண்டரைக் கையால் காட்டினார்.

"கண்ணாடியப் போடுங்கப்பா."

"போட மாட்டேன்."

"அப்பா, நல்ல நேரமான்னு நான் கேக்கல. நிலா எங்க நிக்குதுன்னுதான் பாத்தேன். அத்தை சொன்ன எடத்துலதான் நிக்குது. நானே கணக்குப் போட்டுப் பாத்தேன்." அவர் கையிலிருந்து கண்ணாடியை வாங்கி மாட்டிவிட்டாள். "அறுத்துப் போட்டதுல அதுவும் சேந்து போச்சுப்பா."



அவளுக்கும் முழு உறுதி இல்லை, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். நிலா வழக்கமாக எத்தனை துளி தெறிக்கும் என்பதைத் தோராயமாகக் கழித்துப் பார்த்தாள். மிச்சம் இருந்தது கருந்துளையின் சாதாரண நாள் அளவுதான். ஆனால் தோராயம் தோராயம்தான். இந்தப் பக்கம் நிலாவும் போய், அந்தப் பக்கம் உண்மையாகவே ஒரு சீற்றமும் கிளம்பியிருந்தால்? இரண்டும் ஒரே நாளில் வரக்கூடாது என்று சட்டமா இருக்கிறது? அப்படி இருந்து, இப்போது அனுப்பாமல் விட்டால், நவம்பர் மறுபடியும்.

நாலு ஐம்பத்திரண்டு. நாலு ஐம்பத்தாறு. நீலாம்பாள் என்ன ஏது என்று புரியாவிட்டாலும் போகாமல் உட்கார்ந்திருந்தார். 

ஐந்து மணிக்குப் பச்சைப் பொத்தான் சாம்பல் நிறமாயிற்று.

எழில் தூக்கைத் திறந்து பொங்கலை ஒரு தட்டில் கொட்டினாள். மத்தியானம் சாப்பிடாதது அப்போதுதான் ஞாபகம் வந்தது. முந்திரி ஒன்றை எடுத்து அப்பாவின் வாயில் போட்டாள். "சக்கரை இருக்கு" என்று முனகிக்கொண்டே மென்றார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக் கணக்கில் ஒன்றரை மடங்கு என்று வந்தது. மத்தியானம் ஒரு மடங்கு. வழக்கமாக இருப்பதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நிலா சித்திரையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

எழில் நாகூருக்குப் போன் போட்டு ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். நிலாவை விட்டது தான்தான் என்றும், அனுப்புகிற பொத்தான் வரைக்கும் போய்விட்டதாகவும், பக்கத்து வீட்டிலிருந்து பொங்கல் வந்ததால் நின்றதாகவும் சொன்னாள்.

 மறுபக்கம் சிரிப்பு.

"அடிப்பாவி, எம் பேருலயே நிலா இருக்கு. கமர்னா நிலாதான். எனக்கும் தோணல பாரு. எங்கம்மா இன்னைக்கு முஹர்ரம் பிறை எத்தனைன்னு விரல் விட்டு எண்ணிக்கிட்டு உக்காந்திருக்காங்க, அவங்கள நம்ம குழுவுல சேத்திருக்கலாம்." சிரிப்பு நின்றது. "இன்னைக்கே சேத்துடு. சேத்துட்டு எல்லாருக்கும் மெயில் போடு. ஏன் விட்டுப்போச்சுன்னும் எழுது. வெக்கப்படாத."

அன்று சாயங்காலமே நிரலில் நாற்பத்தாறு வரி சேர்ந்தது. சேர்த்து முடித்த பிறகு, அது போதாது என்று அவளுக்குப் பட்டது. கம்ப்யூட்டரில் இருப்பது கம்ப்யூட்டருக்கு. தன் கண்ணில் படுகிற இடத்திலும் ஒன்று வேண்டும். பேனாவை எடுத்துக்கொண்டு காலண்டருக்குப் போனாள். தாளுக்குக் கீழே வெறுமையாகக் கிடந்த அட்டையில் எழுதினாள்: ஜூலை 31, ஆகஸ்ட் 28, செப்டம்பர் 24, அக்டோபர் 21, நவம்பர் 18, டிசம்பர் 15.

"என்னம்மா எழுதற?"

"நிலா என் கருந்துளைகிட்ட வர்ற நாளுப்பா. இந்த நாள்ல கணக்கு ஏறினா நம்பக்கூடாது."

ஐயாவு எழுந்து வந்து, நல்ல கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு தேதியாகத் தடவினார்.

"நிலா எங்க இருக்குன்னு பாக்கறதுல தப்பில்ல" என்றார் கடைசியில். "அதைக் கேட்டு ஒரு புள்ளைய வேண்டாங்கறதுதான் தப்பு. அதுக்குத்தான் அறுத்தேன்."

"தெரியும்ப்பா."

"அடுத்த வருசமும் அறுப்பேன்."

"அறுங்க. அட்டைய மட்டும் விட்டுடுங்க."

தூக்கை வாங்க வந்த நீலாம்பாளும் அந்தத் தேதிகளைப் பார்த்தார். நேரே தன் வீட்டுக்குப் போய்த் தன் காலண்டரை ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே சத்தம் போட்டார். "எழிலு! எல்லாம் அஸ்தம் சித்திரைதான்டி! என்னைக் கேட்டிருந்தா ரெண்டே வார்த்தையில சொல்லியிருப்பேன்!"

ஆறு வாரம் கழித்து மறுபடியும் எழிலின் முறை வந்தது. அப்போது அவள் பெங்களூரில் இருந்தாள். ஆடி மாதக் கடைசி, ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கீச்சென்ற அந்தச் சத்தம். நாலு மடங்கு. பட்டியலை ஓட்டினாள், சூரியன் பச்சை, நிலா பச்சை. மொபைலில் எடுத்து வைத்திருந்த அட்டையின் படத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அன்றைய தேதி அதில் இல்லை. நிலா வானத்தின் எதிர்ப்பக்கத்தில் கிடந்தது. கமருன்னிஸாவைக்கூடக் கூப்பிடவில்லை. பத்தே காலுக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். பத்தொன்பது மணி நேரத்தில் அந்த இன்னொரு தொலைநோக்கி திரும்பிற்று. தாரை அப்போதும் சீறிக்கொண்டுதான் இருந்தது.

கடைசி அத்தியாயம் முப்பத்தொரு பக்கம் வந்தது. சீற்றம் தாரையின் அடியில் கிளம்பவில்லை, வெகு தூரம் தள்ளித்தான் கிளம்புகிறது என்று அதில் எழுதியிருக்கிறாள். சரியா தப்பா என்று மற்றவர்கள் இனிமேல்தான் சண்டை போடுவார்கள்.

விண்ணப்பத்தை அனுப்பிய மறுநாளே அவள் வீட்டுக்குப் போன் செய்தபோது ஐயாவு ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்தில் நீலாம்பாள் இருந்திருக்கிறார்.

"எழிலு, உன்னுது பொங்கிடுச்சாமே! என்னைக்கு?"

"நேத்து, அத்தை. காலையில பத்து மணி."

"நேத்தா? இரு இரு..." விரல் மடக்கி எண்ணுகிற முணுமுணுப்பு கேட்டது. "நேத்து உத்திரட்டாதி! அதான் பொங்கியிருக்கு. நல்ல நட்சத்திரம்."

"ஆரம்பிச்சுட்டா" என்றார் ஐயாவு. "எழில், போனை வைம்மா. நான் பிளேடை எடுக்கப் போறேன்."